ஞானாபரணம் வீட்டு அழைப்பு மணி

“ஐயா, என்னை ஊருக்கு அனுப்பிருங்க.”

சொன்னவர் ஞானாபரணம். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் மாசிலாமணி போதகர். ஞானாபரணம் பையனாக இருந்தபோது, சபையில் சேருவதற்கான திடப்படுத்தல் வகுப்பு எடுத்தவர். எண்பதைத் தாண்டிய பிறகும் மிஷன் வேலையாக நாடு நாடாகச் சுற்றுகிறவர்.

இருவரும் உட்கார்ந்திருந்தது நம்மூர் நாசரேத்திலோ சாத்தான்குளத்திலோ அல்ல. ஜார்ஜியா நாட்டின் திபிலீசி நகரத்தில், நாலாவது மாடி வீடு ஒன்றில். அந்த ஊரில் டாக்டருக்குப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஞானாபரணத்தையும் அவர் மனைவி லில்லிபுஷ்பத்தையும் மிஷன் இரண்டு வருஷத்துக்கு அனுப்பியிருந்தது.

பாதி வருஷம் போவதற்குள்ளேயே மனுஷனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“காரணத்தைச் சொல்லு,” என்றார் போதகர். “முழுசாச் சொல்லு. நியாயமா இருந்தா நான் போகும்போதே உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேன்.”

ஞானாபரணம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குளியலறையில் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அது.

“ஐயா, நான் ஊழியம் செய்யத்தான்...”

மணி அடித்தது.

அந்த மணி கிளி மாதிரி கத்தும். வாங்கும்போது லில்லிபுஷ்பத்துக்கு அழகாகத்தான் இருந்தது.

சமையலறையில் அவள் கை துடைப்பதற்குள் ஞானாபரணம் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டார். வாசலில் ஒரு மாணவி.

“அங்கிள், குக்கர் ரப்பர் ஒண்ணு இருக்குமா? எங்களது பிஞ்சு போச்சு.”

கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“பாத்தீங்களா? ஊழியம் செய்ய வந்தவன் இப்ப பாத்திரக்கடை வச்சிருக்கேன்.”

“ம்.”

“சந்திக்கும் நேரம் நாலு முதல் ஆறு வரைன்னு வாசல்ல எழுதி ஒட்டியிருக்கேன். அந்த நேரத்துல ஒரு ஈ காக்கா வராது. சனிக்கிழமை வேதபாடத்துக்குக் கூப்பிட்டா, எல்லாருக்கும் அன்னைக்குத்தான் பரீட்சை. மத்தபடி எப்ப பாத்தாலும்...”

மணி அடித்தது.

ஒரு பையன். கையில் மாத்திரை அட்டை.

“அங்கிள், ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். இத சாப்பாட்டுக்கு முன்ன போடணுமா, பின்னயா?”

“டாக்டருக்குப் படிக்கிறது நீயால, நானால?”

“இன்னும் அந்தப் பாடம் வரல அங்கிள்.”

ஞானாபரணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். பின்பு என்றார். கஞ்சி கொடு என்றார். காய்ச்சல் இறங்கவில்லை என்றால் வந்து சொல் என்று அவரே சொன்னார்.

திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. நடையினால் அல்ல, எரிச்சலினால்.

“என் ஆபீஸ்ல நான் கூப்பிடாம ஒருத்தன் உள்ள காலெடுத்து வச்சதில்ல ஐயா. கலெக்டர் ஆபீஸ் ஆளா இருந்தாலும் பெஞ்சுல உக்காந்துதான் இருக்கணும். இங்க நான் வாட்ச்மேன். அந்தக் கிளி கத்தினா ஓடணும். நிம்மதியா வேதத்துல ஒரு அதிகாரம் வாசிக்க முடியுதா? முழங்கால் போட்டு ஒரு ஜெபம்...”

மணி அடித்தது.

இன்னொரு பையன்.

“என்னல வேணும்?”

“ஒண்ணும் இல்ல அங்கிள். சும்மாதான். ஆன்ட்டி ரசம் வைக்கிறாங்களோ?”

அவனுக்கு ஒரு டம்ளர் ரசம் போயிற்று.

போதகர் மெல்ல எழுந்தார். கதவோரம் ஆணியில் தொங்கிய மணிப்பெட்டியைக் கழற்றினார்.

“இதுதான தொந்தரவு?”

“இதேதான் ஐயா.”

போதகர் பின்மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்தார். கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெட்டியை மறுபடி ஆணியில் மாட்டினார்.

“இப்ப சொல்லு.”

வீடு அமைதியாகிவிட்டது. என்ன ஆயிற்று என்று லில்லிபுஷ்பம் கரண்டியோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஞானாபரணத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கால் மேல் கால் போட்டுக்கொண்டார். மனக்குறைகளை ஒவ்வொன்றாக அரை மணி நேரத்துக்கு மேல் கொட்டிவிட்டு, கடைசியில் ஒரு பையனிடம் வந்து நின்றார்.

“ஜெபின்னு ஒருத்தன். அவன் ஒருத்தன் போதும் ஐயா, நான் ஊருக்குப் போறதுக்கு. அவன் அப்பா லாரி ஓட்டுதாரு. இவன் இங்க வந்து தூங்குதான். நான் வாய் சும்மா இருக்காம, ‘காலையில அஞ்சு மணிக்கு எந்திச்சுப் படி, எந்திச்சதும் எனக்குச் சொல்லு’ன்னுட்டேன். போன்ல சொல்லுவான்னு நெனச்சேன்.”

“சொல்லலையா?”

“நேர்ல வாரான் ஐயா. பனியில, மூணு தெரு தாண்டி, நாலு மாடி ஏறி வந்து பெல் அடிக்கான். ‘எந்திச்சிட்டேன் அங்கிள்’னு சொல்லிட்டுத் திரும்பிப் போறான். தெனமும்.”

“நீ எப்ப எந்திரிக்க?”

“நாலே முக்காலுக்கு. பல்லு வெளக்கி, சட்டை போட்டு நிக்கணும்லா?”

போதகர் தலையை ஆட்டினார்.

“அனாடமி பரீட்சையில ரெண்டு மட்டம் பெயிலாயிட்டான். இது கடைசி. இதுலயும் போச்சுன்னா காலேஜ்ல இருந்து அனுப்பிருவாங்க. இன்னைக்குத்தான் ரிசல்ட். ஆறரைக்கு வந்து சொல்லுதேன்னான்.”

ஞானாபரணம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு.

“சொன்ன நேரத்துக்கு என்னைக்கு வந்தான்? அத விடுங்க. நான் என்ன சொல்ல வந்தேன்?”

“நிம்மதி இல்லன்னு சொன்ன.”

“ஆமா. நிம்மதி. ஒரு மனுஷனுக்கு இந்த வயசுல...”

கடிகாரத்தைப் பார்த்தார்.

“இந்த வயசுல?”

“அவன் போனை வேற எடுக்க மாட்டான் ஐயா. எப்பவும் சார்ஜ் இருக்காது.”

“யாரு?”

“யாரும் இல்ல. இந்த வயசுல ஒரு மனுஷனுக்கு...”

அவர் பார்வை கடிகாரத்தை விட்டு ஆணியில் தொங்கிய மணிப்பெட்டிக்குப் போயிற்று. அது வாயை மூடிக்கொண்டு தொங்கியது.

ஞானாபரணம் எழுந்தார்.

“எங்க?”

“சும்மா. காத்தாட.”

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. போதகர் அதைப் பார்த்தார். தடுக்கவில்லை.

கதவைத் திறந்தார் ஞானாபரணம்.

படிக்கட்டில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஜெபின் உட்கார்ந்திருந்தான். கம்பளித் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான்.

“எப்பல வந்த?”

பையன் திடுக்கிட்டு எழுந்தான்.

“ஆறரைக்கே அங்கிள். பெல் அடிச்சேன்.”

“கதவத் தட்டுனா என்ன? கையில சுளுக்கா?”

“நீங்க மொத பெல்லுக்கே திறந்திருவீங்கல்லா? ரெண்டு மட்டம் அடிச்சேன். திறக்கல. ஊருக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“சொல்லாமலா போவேன்?”

“போகணும் போகணும்னு சொல்லிக்கிட்டேதான இருப்பீங்க.”

எத்தனையோ பேருடைய பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஞானாபரணத்தின் கை, கதவின் பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

“ரிசல்ட்?”

பையன் தொப்பியைப் பார்த்தான்.

“இதுவும் போச்சு அங்கிள்.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு வந்தேன். நீங்க இல்லன்னதும் எங்க போறதுன்னு தெரியல. அதான் இங்கயே இருந்துட்டேன்.”

இந்தப் பையன் மட்டும் எழுந்து கீழே இறங்கிப் போயிருந்தால்? அதற்கு மேல் யோசிக்க ஞானாபரணத்துக்குத் தைரியம் இல்லை.

“அறிவு இருக்கால உனக்கு? இந்தக் குளிர்ல அரை மணி நேரமா கல்லுல உக்காந்திருக்க. நாளைக்குக் காய்ச்சல் வந்தா யாரு பாக்குறது? உள்ள வா. ஷூவ ஓரமா கழட்டு. அன்னைக்கு மாதிரி நடு வாசல்ல போட்டுறாத.”

“அப்பாகிட்ட என்ன அங்கிள் சொல்ல?”

“மொதல்ல சாப்பிடு. நாம ரெண்டு பேருமாச் சேந்து பேசுவோம். காலையில காலேஜுக்கும் நான் வாரேன். லில்லி, இவனுக்குச் சோறு போடு.”

லில்லிபுஷ்பம் பையனின் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள்.

ஞானாபரணம் நடு வாசலில் கிடந்த ஷூ இரண்டையும் குனிந்து எடுத்து, முணுமுணுத்துக்கொண்டே ஓரமாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

போதகர் இருந்த இடத்திலேயே இருந்தார்.

“உக்காரு ஞானாபரணம். உன் பேச்சு பாதியில நிக்கு.”

அவர் உட்காரவில்லை.

“மிஷன்ல கேப்பாங்க. நீ திரும்பி வாரதுக்கு என்ன காரணம்னு நான் போய்ச் சொல்ல?”

ஞானாபரணம் கையை நீட்டினார்.

“மொதல்ல அந்த பேட்டரியக் குடுங்கய்யா.”