மௌனச்சாமியின் வாய்ப்புண்

"ஆயுள் முழுக்க மௌனம் இருக்க அனுமதி வேண்டும்" என்று சிலேட்டில் எழுதி நீட்டினார் ஆவுடையப்பன்.

பூரணத்தம்மா வாங்கிப் படித்தார்.

மலையடிவாரத்தில் இருந்த அந்த மடத்துக்கு அம்மாதான் குரு. சீடர் ஆவுடையப்பனைவிடப் பத்து வயது இளையவர். அதனால் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணாச்சி பேச்சை விட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அடுத்துக் காரத்தை விட்டார். கஞ்சியும் மோரும்தான். நாக்கை ஜெயித்துவிட்டார் என்று மடமே மெச்சிக்கொண்டது. ஊரார் அவரை மௌனச்சாமி ஆக்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் காலில் விழ ஒரு கூட்டம் வேறு. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மௌனத்தில் இருப்பவர் எப்படிச் சொல்லுவார், பாவம்!

"தாராளமா இருங்க அண்ணாச்சி. அதுக்கு முந்தி வாயத் தொறந்து காட்டுங்க."

ஆவுடையப்பன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை.

"மௌனம்னா பேசத்தான் கூடாது. கொட்டாவி விடலாம்லா? நீங்க அதையும் பாதியில முழுங்குதீங்க."

வேறு வழியில்லாமல் திறந்தார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண். சுற்றிலும் வெள்ளை படர்ந்து, விளிம்பு தடித்திருந்தது. கூடவே புகையிலை நெடி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபை நடுவே அம்மாவின் காலடியில் டப்பாவை வைத்துவிட்டு, புகையிலைக்கு முழுக்குப் போட்டவர் அவர். அன்றைக்கு அழாதவர்கள் இல்லை. மறுவாரமே வேறு டப்பா வாங்கிவிட்டார்.

இப்போது அவருக்குத் தலை நிமிரவில்லை. அப்படியே செத்துப்போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அம்மா திட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். கையுறை போட்ட விரலால் புண்ணை அழுத்திப் பார்த்தார். கழுத்தை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

ஆவுடையப்பன் சிலேட்டை எடுத்தார். அம்மா அதைப் பிடுங்கி, நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"தை மாசத்துல இருந்து." வார்த்தை குழறியது. "சுண்ணாம்பு பட்டு வெந்துட்டுன்னு நெனச்சேன்."

"மூணு வாரத்துல ஆறாத வாய்ப்புண்ண அப்படியே விடவே கூடாது ஐயா."

"அப்ப புத்துதானா?"

"கண்ணால பாத்து மட்டும் சொல்ல முடியாது. ஓரத்துல துளி சதை எடுத்து, மைக்ராஸ்கோப்ல பாத்தாத்தான் உறுதி."

அடுத்த வாரம் உறுதியாகிவிட்டது. செதிள் செல் புற்றுநோய். வாயின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய தோலில் தட்டையான செல்கள் இருக்கின்றனவாம். அவை கட்டுமீறி வளர்ந்து சதைக்குள் இறங்கியிருந்தன. கழுத்தில் ஒரு நெறியும் கட்டியிருந்தது. நோய் அதுவரை போயிருக்கிறதா என்று ஊசி வைத்தும் ஸ்கேன் எடுத்தும் பார்க்க வேண்டும். நாக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டிவரும்.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கலாம்" என்றார் டாக்டர்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆவுடையப்பன் குனிந்தபடியே பேசினார்.

"அம்மா, ஒரு பிச்சை கேக்கேன். இது நம்மளோட இருக்கட்டும். மௌனச்சாமியாவே ஆபரேஷனுக்குப் போயிட்டு வந்துருதேன். ஜனங்க மொகத்துல எப்படி முழிப்பேன்?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்க காரத்த விட்டதும் சபையில நான்தான் ஒங்கள மெச்சினேன். ஏன் விட்டீங்கன்னு கேக்கத் தோணல. எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு அண்ணாச்சி."



வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போலக் கூட்டம் வந்தது. லாரி ஓட்டும் இசக்கிப்பாண்டி முதல் ஆளாக ஆவுடையப்பன் காலில் விழுந்தான். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது. உள்ளே எதையோ அடக்கியிருந்தான்.

"சாமி, எனக்கும் கொஞ்ச நாளா காரம் ஆக மாட்டேங்கு. வாயில ஒரு புண்ணு, ஆறவே இல்ல. நாக்கை ஜெயிக்கப் போறேன்னு வீட்டுல ஒரே சந்தோசம். ஒங்கள மாதிரி நானும் மௌனம் எடுத்துக்கிடட்டுமா?"

ஆவுடையப்பன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

சபை முழுக்க ஆவுடையப்பனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசீர்வாதம் செய்வதுபோல் கையைக் காட்டிவிட்டால் போதும், மானம் தப்பிவிடும். கையைப் பாதி தூக்கியும் விட்டார். இசக்கிப்பாண்டியின் உப்பிய கன்னம் கண்ணில் பட்டது.

அந்தக் கையாலேயே இசக்கிப்பாண்டியின் தோளைப் பிடித்தார்.

"நான் போயிலைய விடவே இல்லப்பா. இது மௌனமும் இல்ல, புத்து. எந்திரி, ஒன்ன இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டணும்."