வெள்ளத்தில் நழுவிய கை

மாநிலத்திலேயே வேகமான நீச்சல்காரன் என்று பெயர் எடுத்த சோலையப்பன் பட்டாளத்தில் சேர்ந்தான். வெள்ளத்தில் சிக்கிய ஒரு கிராமத்தையே நீந்திப் போய்க் கயிறு கட்டிக் கரை சேர்த்தான். வீரப் பதக்கம் கொடுத்தார்கள். விடுப்பில் பாளையங்கோட்டைக்கு வந்தவனை மேடை மேடையாக ஏற்றி மாலை போட்டார்கள். அவன் சிரித்துச் சிரித்து அலுத்துப் போனான். ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், தனக்கு நீச்சல் பயிற்சி கொடுத்த வேதமுத்து மாஸ்டரைப் பார்க்கப் போனான்.

மாஸ்டர் பக்கவாதத்தில் விழுந்து பிழைத்திருந்தார். இடது கையும் காலும் அசையாது. வகுப்பு முடிந்து காலியாகக் கிடந்த நீச்சல் குளத்தின் ஓரத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“என்னடே, இப்படி ஓய்ஞ்சு போயிருக்க?”

“தூக்கமே இல்ல மாஸ்டர்.”

“ஊருக்கு வந்து தண்ணியில இறங்குனியா?”

“இல்ல. பார்த்தாலே நெஞ்சை அடைக்குது.”

மாஸ்டர் வலது கையைக் காட்டி அவனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“என்கூட வந்த சிப்பாய் ஒருத்தன், மாஸ்டர். கல்யாணம் ஆகிக் கொஞ்ச நாள்தான். அவன் கையைப் பிடிச்சிருந்தேன். வெள்ளம் இழுத்துட்டுப் போயிட்டு. நான் விட்டேனா, அவன் நழுவுனானா? அதுதான் தெரியல. எல்லாரும் பதக்கத்தைத்தான் பாக்காவ. நீங்களாவது சொல்லுங்க.”

மாஸ்டர் குளத்தைப் பார்த்தார்.

“என்னைத் தூக்கித் தண்ணிக்குள்ள இறக்கு.”

“நானா?”

“இங்க வேற யாரு இருக்கா?”

“வேண்டாம் மாஸ்டர். என் கையை நானே நம்ப மாட்டேன்.”

“படுத்ததுல இருந்து நான் தண்ணியைத் தொடலடே. தூக்கு.”

சோலையப்பன் சட்டையைக் கழற்றினான். மாஸ்டரைக் குழந்தை மாதிரி அள்ளிக்கொண்டு படி இறங்கினான். தண்ணீர் மார்பளவு வந்ததும் அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, முதுகுக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தான். விளங்காத கால் மெல்ல மேலே வந்து மிதந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.



“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலியே மாஸ்டர்.”

“எனக்குத் தெரியாதுடே. நான் அங்க இல்ல.”



“கை நடுங்குது மாஸ்டர். கரைக்குப் போயிருவமா?”

“நடுங்கட்டும். எடுத்திராத. எனக்குப் பயமா இருக்கு.”