ஓணான்கள் தேறிய கதை

“தலையாட்டினவனை நம்பித்தான் என் வாலில் பாதி போச்சு. அதனால நீ என்ன செய்யணும்னா...”

குளக்கரையில் வாழ்ந்த கிழட்டு உடும்பு, சாகும்வரை இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லும். ஆனால் நெடுஞ்செவியன் என்ற முயலுக்கு முதல் பாதி மட்டுமே நினைவிருந்தது. மீதிப் பாதி வரும்போதெல்லாம் அதற்குப் பசி வந்துவிடும்.

இப்போது அந்தக் குளத்துக்கு நெடுஞ்செவியன்தான் தலைவர்.

குளக்கரையில் ஒரு வாகை மரம் நின்றது. கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, விதை கலகலக்கும் காய்ந்த நெற்றுகள் மட்டும் தொங்கும். அந்த மரத்தில் அணில்கள் காவல் இருந்தன. வானத்தில் வல்லூறு தெரிந்தால் நெற்றை ஒருமுறை குலுக்கும். ‘சல்!’ கீழே இருப்பவர்கள் சூரை முட்புதருக்குள் ஓடிவிடுவார்கள். தரையில் பாம்பு தெரிந்தால் இரண்டுமுறை குலுக்கும். ‘சல்! சல்!’ எல்லாரும் புதரை விட்டு வெட்டவெளிக்கு வந்துவிடுவார்கள்.

ஒன்று என்றால் உள்ளே, இரண்டு என்றால் வெளியே. அவ்வளவுதான் வேலை.

அந்த வருடம் அணில்கள் மாந்தோப்புக்குப் போக முடிவு செய்தன. “இன்னும் ஏழு நாள்தான் இருப்போம், தலைவரே! வேற ஆளைப் பாருங்க” என்றது மூத்த அணில்.

மரத்தில் ஏறத் தெரிந்தவர்கள் யார்? கரட்டான் என்ற ஓணானும் அதன் இரண்டு தம்பிகளும் முன்வந்தார்கள்.

“யார் பழக்குவது?” என்று நெடுஞ்செவியன் கேட்டது.

“நான் இருக்கேனே!” என்றது மைனா. அது நான்கு வருடம் நகரத்தில் ஓர் அலுவலகத்தின் சன்னல் மேல் குடியிருந்த மைனா. உள்ளே நடந்த பயிற்சி வகுப்புகளையெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்த்திருந்தது. “ஆறே நாள்! எல்லாரையும் தேற வைக்கிறேன்!”

வாகையடியில் நிழல் இல்லை. அதனால் நூறு அடி தள்ளி, வேப்பமரத்தின் கீழ் வகுப்பு நடந்தது. வல்லூற்றின் மார்பில் எத்தனை கோடு, பாம்பின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள், காவல் என்ற சொல்லுக்கு எத்தனை பொருள் என்று மைனா விளக்கியது. நன்றாகவே விளக்கியது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும், “புரிஞ்சுதா?” என்று கேட்கும்.

மூன்று ஓணான்களும் தலையை ஆட்டும். மேலும் கீழும், மேலும் கீழும்.

மைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நகரத்துல பாதிப் பேர் தூங்குவாங்க, தலைவரே! இப்படித் தலையாட்டுற வகுப்பை நான் பார்த்ததே இல்லை!”

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூத்த அணில், “ஒருதடவை மரத்துல ஏத்தி நெற்றைக் குலுக்கச் சொல்லுங்களேன், அம்மா. நானும் கூட நிக்கிறேன்” என்றது.

“பாடம் இன்னும் முடியலை. நடுவில வேலையை வச்சா கவனம் சிதறும்!”

அணில் வாகைக்குத் திரும்பிப் போனது.

ஆறாம் நாள் மைனா கேள்வி கேட்டது. மூவரும் பிசகாமல் பதில் சொன்னார்கள். மைனா மூன்று அரசிலைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் அலகால் மூன்று ஓட்டை போட்டு, “தேறியாச்சு!” என்று கொடுத்தது.

குளக்கரையில் அப்போது ஒரு கௌதாரி ஏழு குஞ்சுகளோடு இருந்தது. பொரித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பறக்கத் தெரியாது. “அணிலுங்க போயிட்டா பயமா இருக்கே, அண்ணே. நாங்களும் மாந்தோப்புப் பக்கம் போயிடவா?” என்று அது நெடுஞ்செவியனிடம் கேட்டது.

நெடுஞ்செவியன் ஓர் அரசிலையைத் தூக்கிக் காட்டியது. “பயப்படாதேம்மா! ஓட்டையைப் பாரு, மூணு!”

கௌதாரி தங்கிவிட்டது.

ஏழாம் நாள் அணில்கள் கிளம்பின. அன்று முற்பகலே சூரைப் புதருக்குள் ஒரு சாரைப்பாம்பு நுழைந்தது. வாகை மேலிருந்த கரட்டான் அதைப் பார்த்துவிட்டது. பாம்பென்றால் இரண்டு. அதற்குத் தெரியும். பக்கத்தில் இருந்த ஒரு சிறு கிளைக்குத் தாவி, நெற்றைக் குலுக்கியது.

‘சல்!’

கிளை படக்கென்று முறிந்தது. கரட்டானும் நெற்றும் சேர்ந்து புழுதியில் விழுந்தன. இரண்டாவது ‘சல்’ வரவே இல்லை.

தண்ணீர் ஓரமாக நின்ற கௌதாரிக்கு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. ஒன்று என்றால் உள்ளே. “ஓடுங்க, ஓடுங்க!” என்று குஞ்சுகளைப் புதருக்குள் விரட்டியது.

ஏழு உள்ளே போயின. ஆறு வெளியே வந்தன.

அன்று சாயங்காலம் எல்லாரும் வாகையடியில் கூடினார்கள். கரட்டான் ஒரு காலை நொண்டியபடி வந்தது.

“பாம்புக்கு எத்தனை?” என்று மைனா கேட்டது.

“ரெண்டு.”

“வல்லூறுக்கு?”

“ஒண்ணு.”

“பார்த்தீங்களா, தலைவரே! பாடத்துல குறையே இல்லை!”

“எத்தனைன்னு எனக்கும் தெரியும், அம்மா” என்றது கரட்டான். “எந்தக் கிளை தாங்கும், எது தாங்காதுன்னு தெரியாது. காலையில அவசர அவசரமா ஏறினேன். அந்தக் கிளையில அப்பத்தான் முதல்தடவை கால் வச்சேன்.”

“அப்ப ஏன் கேட்கலை? புரிஞ்சுதா, புரிஞ்சுதான்னு ஆறு நாளும் கேட்டேனே! தலையாட்டினியே!”

கரட்டான் நொண்டிக்கொண்டே ஓரடி முன்னால் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: “நாங்க ஓணானுங்க, அம்மா. சும்மா இருந்தாலே எங்க தலை ஆடும். நீங்க வர்றதுக்கு முன்னாடியும் ஆடிட்டுத்தான் இருந்தது.”

யாரும் சிரிக்கவில்லை. அப்போதும் அதன் தலை ஆடிக்கொண்டுதான் இருந்தது.

கௌதாரி முன்னால் வந்தது. அது கரட்டானையும் பார்க்கவில்லை, மைனாவையும் பார்க்கவில்லை. “அண்ணே, இலையில ஓட்டை போட்டது மைனா. அதைத் தூக்கி எங்கிட்ட காட்டினது நீங்க. நாளைக்கு என் ஆறும் இந்தக் கரையில தண்ணி குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க.”

நெடுஞ்செவியனின் காதுகள் தொங்கிப்போயின. உடும்பு சொன்ன மீதிப் பாதியை நினைவுக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றது. வரவில்லை.

“நாளைக்கு வேண்டாம்மா” என்றது கடைசியில். “ஆறையும் கூட்டிக்கிட்டு, குளத்துக்கு மேல இருக்கிற மேட்டுக்குப் போயிரு. எப்ப வரலாம்னு நீதான் எனக்குச் சொல்லணும்.”

அன்றே நெடுஞ்செவியன் மாந்தோப்புக்கு ஓடியது. “உன் பேச்சைக் காதுல போட்டுக்காம விட்டேன். மூணு நாள் வந்துட்டுப் போ, தாயே” என்று மூத்த அணிலைக் கெஞ்சி அழைத்து வந்தது.

மறுநாள் காலையிலிருந்து வேப்பமரத்தடி காலியாகக் கிடந்தது. ஓணான்கள் அணிலின் பின்னால் வாகையில் ஏறின. ஒவ்வொரு கிளையாகக் கால் வைத்துப் பார்த்தன. இரண்டு தடவை விழுந்தன. விழுவார்கள் என்று தெரிந்தே, கீழே மைனா காய்ந்த புல்லைக் குவித்து வைத்திருந்தது. பாம்பும் இல்லை, வல்லூறும் இல்லை, ஆனாலும் மைனா ஒருமுறை “பாம்பு!” என்றும், ஒருமுறை “வல்லூறு!” என்றும் மேட்டுக்குக் கேட்காதபடி மேலே பார்த்துச் சொன்னது; ஓணான்கள் அதற்கேற்ப நெற்றைக் குலுக்கின. மேட்டிலிருந்து கௌதாரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

“இப்ப என்ன கேட்டுது?” என்று நெடுஞ்செவியன் ஒவ்வொரு தடவையும் அதனிடம்தான் ஓடிப்போய்க் கேட்டது.

முதல் நாள், “ஒண்ணுமே கேட்கலை.” இரண்டாம் நாள், “ஒண்ணா ரெண்டான்னு புரியலை.” மூன்றாம் நாள் சாயங்காலம், கௌதாரி பதிலே சொல்லவில்லை. ‘சல்! சல்!’ என்று கேட்டதும் ஆறு குஞ்சுகளும் மேட்டுப் புதரிலிருந்து தாமாகவே வெட்டவெளிக்கு ஓடிவந்து நின்றன.

நெடுஞ்செவியன் அந்த மூன்று அரசிலைகளையும் குளத்தில் விட்டது. கற்றவர் தலை ஆடினால் போதாது, அவர் வேலையை நம்பி இருப்பவர் சரியான பக்கம் ஓட வேண்டும், அதுவரைக்கும் பயிற்சி முடிந்ததாகச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தது.