ஈரமில்லாத தூள்

ஒரு காலத்தில் மானாமதுரைப் பக்கத்து ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றின் ஆயில் அறையில் நாலு பேர் குடியிருந்தார்கள். மூன்று பேருக்கு மரியாதை. நாலாமவனுக்கு மூலை.

ஸ்பிண்டில் ஆயில் தண்ணீராக மெலிந்தவன். வேகமாகச் சுழலும் இயந்திரங்களில் அவனுக்கு வேலை. வாயும் அதே வேகம். கியர் ஆயில் கனத்த ஆசாமி. பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் நடுவில் நின்று சமாதானம் செய்வார். ஒரு வாக்கியத்தை முடிக்க அரை நாள் எடுத்துக்கொள்வார். கிரீஸ் அண்ணாச்சிக்குத்தான் செல்வாக்கு அதிகம். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமலே பேர் வாங்கிவிடுகிற பெரிய மனிதர்.

நாலாமவன் கிராபைட் தூள். பென்சிலுக்குள் இருக்கிற அதே கறுப்புச் சரக்கு. சூளை வண்டிகள் வாங்கியபோது கூடவே டின்னில் வந்தவன். லேபிள் கிழிந்துபோனதால், எதற்கு வந்தான் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

"ஏன்டா, நீயும் மசகா?" என்று ஸ்பிண்டில் ஆயில் வம்புக்கு இழுப்பான். "மசகுன்னா தொட்டா ஒட்டணும், சாய்ச்சா வழியணும். உங்கிட்ட ஈரம்னு ஏதாவது இருக்கா?"

"ஈரமில்லாதவன்கிட்ட என்ன பேச்சு, விடு," என்பார் கிரீஸ் அண்ணாச்சி.

இரக்கமில்லாதவனையும் அப்படித்தானே சொல்கிறோம்? தூளுக்கு அந்த அர்த்தம்தான் வலித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஆயில்மேன் சூசை அறையைச் சுத்தம் செய்ய வந்தார். டின்னைத் திறந்து பார்த்து முகம் சுளித்தார்.

"அடுப்புக்கரி மாதிரி என்னமோ கிடக்கு. நாளைக்குக் குப்பையோட போகட்டும்."

டின் வாசலோரம் நகர்ந்தது. தூளுக்குப் பகீரென்றது. ஒருநாள்கூட வேலை பார்க்காமலே குப்பைக்குப் போவதா?

அன்று மத்தியானம் சூளை மக்கர் பண்ணியது. அது நீளமான சுரங்கச் சூளை. சுடாத ஓடுகளை அடுக்கிய இரும்பு வண்டிகள் ஒரு வாயிலில் நுழைந்து, நெருப்பினூடே ஊர்ந்து, சிவந்த ஓடுகளோடு மறுவாயிலில் வெளியேற வேண்டும். நடுவழியில் ஒரு வண்டியின் சக்கரம் இறுகிக்கொண்டது. பின்னால் வந்தவை எல்லாம் அப்படியே நின்றுவிட்டன. இன்னும் ஒரு மணி நேரம் போனால் உள்ளே இருக்கிற ஓடு மொத்தமும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

சூசைக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். சக்கரம் கீச்சிட்டால் கிரீஸ். இன்னும் கீச்சிட்டால் இன்னும் கிரீஸ். ஆறு மாதமாக அதைத்தான் செய்துவந்தார். அன்றும் சூளைக்கு அடியிலுள்ள குழிப்பாதையில் இறங்கி அள்ளி வைத்தார். அண்ணாச்சி உருகி ஒழுகினார். மிச்சம் அடிப்பிடித்த கஞ்சியாகக் காய்ந்து சக்கரத்தை இன்னும் இறுக்கியது. கியர் ஆயிலை ஊற்றினார். புகை கிளம்பியது. ஸ்பிண்டில் ஆயில் வாயைத் திறப்பதற்குள் குப்பென்று பற்றிக்கொண்டான்.

"போதும் சூசை அண்ணே," என்றார் சூளைப் பொறுப்பாளர் மங்கையர்க்கரசி. "ஊத்துறதெல்லாம் விறகாத்தான் ஆகுது. வேற எதுவும் இல்லையா?"

"ரூம்லதான் பாக்கணும் மேடம்."

இருவரும் ஆயில் அறைக்கு ஓடிவந்தார்கள். இதை விட்டால் இன்னொரு நேரம் வாய்க்காது என்று தூளுக்குத் தெரியும். தம் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தான். டின் உருண்டது, தரையில் பாதித் தூள் பரவியது. அதில் கால் வைத்த சூசை சர்ரென்று எதிர்ச்சுவர் வரை வழுக்கிப்போய் உட்கார்ந்தார்.

மங்கையர்க்கரசி அவரைத் தூக்கிவிடப் போகவில்லை. குனிந்து தூளை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார்.

"ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம உங்களை அங்க கொண்டுபோய் விட்டிருக்கே அண்ணே. இது எரியுதான்னு பாருங்க."

சூசை இடுப்பைத் தடவிக்கொண்டே ஒரு சிட்டிகையைக் கரண்டியில் எடுத்துப்போய்ச் சூளை நெருப்பில் காட்டினார். "புகையக்கூட இல்ல மேடம். அப்படியே கிடக்கு."

சக்கரத்தில் காய்ந்திருந்த கட்டியைக் கம்பியால் தட்டி உதிர்த்தார்கள். டின்னில் மிச்சமிருந்த தூளை நீளக் குழாயில் போட்டுக் காற்றடித்தார்கள். தூள் கண்ணை இறுக மூடிக்கொண்டு சக்கரத்தின் நடுவில் போய் விழுந்தான்.

"நீயும் ஓடிருவியா?" என்று முனகியது சக்கரம். "ஈரமுள்ளவங்க மூணு பேர் வந்தாங்க. சூடு பட்டதும் ஒருத்தரையும் காணோம்."

"நான் இருக்கேன். காஞ்சு போறதுக்கு எங்கிட்ட எதுவுமில்ல," என்றான் தூள். தன் மெல்லிய அடுக்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக விரித்துக் கொடுத்தான். "எம்மேலயே சறுக்கி வா."

சக்கரம் ஓர் அங்குலம் நகர்ந்தது. பிறகு ஒரு முழம். பிறகு வண்டி கீச்சென்ற சத்தம்கூட இல்லாமல் உருண்டது. பின்னால் நின்ற வரிசை முழுக்கக் கிளம்பியது. மறுவாயிலில் ஓடுகள் செக்கச்செவேலென்று, ஒன்றோடொன்று ஒட்டாமல் வெளியே வந்தன. சூளையடி ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள். கறுத்த கையும் கறுத்த வேட்டியுமாக நின்ற சூசைக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எல்லா வண்டிக்கும் இனி இதான் மேடம். மூட்டையா வாங்கிருங்க."

சக்கரத்துக்குள் இருந்தபடியே தூள் அதைக் கேட்டான். அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"உனக்கா ஈரமில்லை?" என்றது சக்கரம்.

நுழைவாயிலில் அடுத்த வண்டி தயங்கி நின்றது. சூசை அதன் சக்கரத்திலும் ஒரு பிடி தூளைப் போட்டார்.

"உள்ள ரொம்பச் சுடுமாமே?" என்று அது கேட்டது.

"சுடும்," என்றான் தூள். "அதனாலதான் என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நட."