ஜன்னலுக்கு ஒரு சாண் தள்ளி

தையல்நாயகி ஈரத்துணியால் வெற்றிலைக் கொடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுப்படிக்குப் பின்னால் இருக்கும் சாமான் அறை அது. ஜன்னல் கிடையாது. அடுப்புச் சூடு சுவர் வழியே வரும், புகைக்கரியும் கூடவே வரும்.

வெந்நீர் எடுக்க வந்த சாமியம்மா வாசற்படியில் நின்றார். அந்த மலை மடத்தில் எல்லோருக்கும் அவர்தான் குரு.

"கொடி இங்க எப்படி வந்துச்சு?"

"நான்தான் கொண்டாந்தேன் சாமியம்மா. கூடத்து ஜன்னல்ல இருந்துச்சு. வெளிச்சத்துக்கு அப்படிச் சாயுதேன்னு கண்ணாடியோட ஒட்டி வச்சேன். மார்கழிப் பனி, கண்ணாடி பட்ட இலையெல்லாம் கருகிப்போச்சு. அதான் ஜன்னலே கண்ணுல படாத இடமாப் பாத்து வச்சுட்டேன்."

"இப்ப எப்படி இருக்கு?"

"கருகலை."

"அதையா கேட்டேன்?"

தையல்நாயகி துணியை விலக்கிக் கொடியைப் பார்த்தாள். இலைகள் வெளுத்திருந்தன. புதுசாக விட்ட தண்டு ஒன்று நூலாய் மெலிந்து, கதவிடுக்கில் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து நீண்டிருந்தது.

கீழே திருவையாற்றிலிருந்து வந்த கொடி அது. புருஷன் இறந்தபின் தையல்நாயகிக்கு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு வருஷம் மடத்தில் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகளை அக்காவிடம் விட்டுக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது மகள் இளவஞ்சிதான் இதைக் கையில் கொடுத்தாள். "என்னையும் ஒரு தொட்டியில வச்சு எடுத்துட்டுப் போயேம்மா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமையானால் மடத்துப் போனில் பிள்ளை கூப்பிடும். அந்தக் குரலைக் கேட்டுவிட்டால் வாரம் முழுக்கத் தியானத்தில் அதுதான் கேட்கும். ஒரு தடவை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம்வரை போய்விட்டாள். அழுதுகொண்டே திரும்பி வந்தவள், அதற்கப்புறம் போனை எடுப்பதே இல்லை. சமையல் பார்க்கும் அன்னக்கொடிதான், "அம்மா தியானத்துல இருக்காங்க கண்ணு" என்று சொல்லி வைப்பாள்.

"உனக்காகப் பொய் சொல்லிச் சொல்லி, அடுத்த பிறவியில நான் பல்லியாத்தான் பொறக்கப்போறேன்" என்றும் திட்டுவாள்.

தையல்நாயகி துணியைக் கசக்கினாள்.

"சாமியம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஏக்கம் எப்பத்தான் விடும்?"

சாமியம்மா சொம்பைக் கீழே வைத்தார். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்தார். தையல்நாயகி துணியோடு பின்னாலேயே ஓடினாள்.

ஜன்னலுக்கு எதிரே முக்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டியை அதன்மேல் வைத்தார். கண்ணாடிக்கும் இலைக்கும் நடுவில் கையை விரித்து அளந்தார். போதவில்லை. முக்காலியைப் பின்னுக்கு இழுத்து மறுபடி அளந்தார். ஒரு சாண்.

"இங்கருந்து பாத்துக்கட்டும்."

"மறுபடியும் சாயுமே சாமியம்மா."

"சாயும்."

"அப்புறம் என்ன பண்றது?"

"கருகக் கூடாதுன்னு தள்ளி வச்சேன். ஜன்னலை மறக்கவா சொன்னேன்?"

தையல்நாயகி குனிந்து, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். வெளிச்சத்தில்தான் தெரிந்தது, இலையில் எவ்வளவு கரி.

அடுப்படியிலிருந்து அன்னக்கொடியின் குரல் வந்தது.

"தையலு! உன் மக போன்ல இருக்கா! நான் பல்லியாகவா வேணாமா, இப்பவே சொல்லிடு!"

இலைமேல் இருந்த கை நின்றது.

சாமியம்மா கையை மட்டும் நீட்டினார். தையல்நாயகி ஈரத்துணியை அந்தக் கையில் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு இலைதான் சாமியம்மா, அடியிலயும் கரி இருக்கும், மெதுவாத் துடைங்க, நான் போய் அவகிட்ட—"