ஊதாக் கரை வேட்டி

குழாய்க்குள் துணியைத் திணித்த கையே, உன்னைத்தான் கேட்கிறேன். ஒருத்தி வீட்டுக்குள் சோப்புத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டு உனக்கு எப்படித்தான் சோறு இறங்கியது? நீ வாய் திறக்கப் போவதில்லை. நான் கதையைச் சொல்கிறேன். கேட்பவர்கள் ஆளைப் பிடிக்கட்டும்.

திண்டுக்கல்லில் மரகதவல்லி என்றொரு பாத்திரக்காரி. தெருத்தெருவாய்ப் பழந்துணி வாங்கிக்கொண்டு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பாள். அந்தத் துணியை வாஷிங் மெஷினில் வெளுத்துச் சந்தையில் விற்றால்தான் அவள் அடுப்பு எரியும். துணியை விரித்துக் குற்றம் கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மா தெய்வானை ஊதாக் கரை வேட்டி ஒன்றை நீட்டியபோதுகூட அவள் முகதாட்சண்யம் பார்க்கவில்லை.

"நடுவுல இரும்புக்கறை, மடிப்புல கிழிசல். இதுக்கு ஒரு கரண்டிகூடத் தேறாதுக்கா."

"வேணாட்டிப் போ. எங்க வீட்டுக்காரர் வண்டி துடைச்சுக்குவார்" என்று தெய்வானை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

அந்த வீட்டுக்காரர் தண்டபாணி, மெஷின் தண்ணீரைக் கொல்லை வாழைக்கே விடச் சொன்னவர். "தண்ணி ஒருநாளும் தேங்காதும்மா, நான் பொறுப்பு" என்று குடிவந்த அன்றே வாக்குக் கொடுத்தார். மகளுக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: அவள் கல்யாண வாசலில் கட்டுவது சொந்தக் கொல்லை வாழைதான் என்று. வாழையும் குலை தள்ளியது. ஆனால் சோப்புத் தண்ணீர் குடித்துக் குடித்து இலை ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது.

தெய்வானை பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்த சமயம். மரகதவல்லி மெஷினைப் போட்டதும், தண்ணீர் குழாயில் இறங்காமல் எதிர்த்து வந்து வீட்டை நனைத்தது. துணி மூட்டைகள் ஊறிப்போயின.

"அண்ணே! வந்து பாருங்க, வீடு குளமாயிடுச்சு!"

தண்டபாணி வாசற்படியிலேயே நின்றார். "உன் பழந்துணி நூல்தான் அடைச்சிருக்கு. கல்யாணம் முடியற வரைக்கும் மெஷினைத் தொடாதே."

"குழாயை எட்டிக்கூடப் பாக்கல, நூலுங்கிறீங்க! கண்ணுல என்ன எக்ஸ்ரேயா வச்சிருக்கீங்க?"

பந்தல்காரரைப் பார்க்கணும் என்று அவர் நழுவிவிட்டார்.

சந்தை நெருங்கியது. மூட்டைகள் நாறின. கால் தரிக்காமல் உள்ளுக்கும் கொல்லைக்கும் நடந்த மரகதவல்லி, கடைசியில் கடப்பாரையோடு போய் வாழையடிச் சருகை ஒதுக்கினாள். குழாய் வாயிலிருந்து ஒரு துணிச் சுருள் வந்தது. பிரித்தாள். ஊதாக் கரை. நடுவில் இரும்புக்கறை.

அடைந்து கிடந்த நுரைத்தண்ணீர் வேரை நோக்கிப் பாய்ந்தது. அவள் குலையைப் பார்த்தாள். கருகிய இலையைப் பார்த்தாள். திட்டு தொண்டை வரை வந்தது. என்ன நினைத்தாளோ, வேட்டியைச் சுருட்டி மறுபடியும் குழாயிலேயே திணித்தாள். மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கையால் துவைக்கத் தெருக்குழாய்க்குப் போனாள். ஊரிலிருந்து திரும்பியிருந்த தெய்வானை அத்தனையும் ஜன்னல் வழியே பார்த்தாள். வேட்டியை அடையாளம் கண்டுகொண்டு, சத்தமில்லாமல் ஜன்னலைச் சாத்தினாள்.

முதலில் திணித்தது யார்? வாழைக்காகத் திணித்தவர், கண்டும் ஜன்னலைச் சாத்தியவள், கைக்கு வந்த சாட்சியைத் திரும்பக் குழாய்க்குள்ளேயே வைத்தவள்: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: திணித்தவர் தண்டபாணிதான். தெய்வானை ஊரிலேயே இல்லை. வேட்டி அவர் வண்டி துடைக்கப் போனது. குழாயைப் பார்க்காமலே உள்ளே இருப்பது இன்னதென்று சொன்னதும் அவர் வாய்தான். மரத்தைக் காத்தது தப்பில்லை. தண்ணீரைச் சாக்கடைக்குத் திருப்ப ஒரு துண்டுக் குழாய் போதும்; அதைச் செய்யாமல் பழியை அவள் நூல் மேல் போட்டாரே, அதுதான் தப்பு. ஜன்னலைச் சாத்தியது அதற்கு ஒத்தாசை. மரகதவல்லி செய்ததே சரி. தன் வழக்கு வீட்டுக்காரரோடுதான், கல்யாணப் பெண்ணோடு இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வாழை வாசலில் ஏறிவிட்டது, தாலியும் கழுத்தில் ஏறிவிட்டது. இனி உனக்குச் சாக்கில்லை, திணித்த கையே. நீயே வந்து அந்த வேட்டியை உருவு. குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்பிப் போடு. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்: "நூல் இல்லம்மா, நான்தான்."