சாமியின் பேச்சில் ஈ

“சாமி, உங்க பேச்சுல ஈ மொய்க்குதுங்க” என்றார் மாசிலாமணி.

சாமி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று கையால் தட்டை மூடினார்.

“தட்டுல இல்லீங்க. வீடியோவுல. ஈ மாதிரி ஒரு சத்தம்.”

மாசிலாமணி மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். சாமியைவிட வயதில் மூத்தவர். வேலையில் இருந்தவரை ஒருத்தர் சொல்வதையும் முழுசாகக் கேட்டதில்லை. சாமியின் ஆசிரமத்துக்கு வந்துதான் அந்த ருசி தெரிந்தது. சாமியின் பேச்சைப் படம் பிடிப்பதும், கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி யூடியூபில் போடுவதும் அவர் பொறுப்பு. அந்தச் சாக்கில் தினமும் சாமிக்கு நேர் எதிரே, கேமராவை ஒட்டி உட்கார்ந்துகொள்வார். காய்ச்சல் வந்தபோதுகூடப் போர்வையோடு வந்து உட்கார்ந்தார்.

இப்போது அந்த இடத்துக்கே வேட்டு.

“பின்னாடி மாடு கட்டியிருக்குதான்னு ஜனங்க கேக்கறாங்க சாமி. ஆசிரம நிர்வாகம் பாக்கற தெய்வநாயகியம்மா கறாரா சொல்லிட்டாங்க. இந்த வாரத்துக்குள்ள சத்தம் போகலீன்னா, திருப்பூர்ல இருந்து ஸ்டுடியோக்காரர் வந்துருவாராம். என்னையச் சமையக்கட்டுக்குப் போகச் சொல்றாங்க.”



“ஃபேனை நிறுத்திப் பாத்தீங்களா?”

“நிறுத்தினனுங்க. உங்களுக்கு வேர்த்துச்சு. சத்தம் போகலீங்க.”

“தண்ணி மோட்டார்?”

“அதையும் நிறுத்தினனுங்க. அன்னிக்கு இங்க யாரும் குளிக்கல.”

“மைக்கு?”

“புதுசு வாங்கிக் கேமரா மேலயே மாட்டிட்டனுங்க. இப்ப சத்தம் இன்னும் நல்லாக் கேக்குதுங்க.”

“கம்ப்யூட்டர்ல அதை எடுத்துற முடியாதா?”

“இரைச்சலை நீக்கறதுக்குன்னே ஒரு பட்டன் இருக்குதுங்க. அமுக்கிப் பாத்தேன். நீங்க பானைக்குள்ள இருந்து பேசற மாதிரி ஆயிட்டீங்க. ஈ மட்டும் சௌக்கியமா இருக்குது.”

சாமி கடைசிச் சுண்டலை வாயில் போட்டுக்கொண்டார்.

“எப்பெப்ப வருது?”

“நீங்க ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தினா வருதுங்க. நீங்க பேசாம இருந்தா அதுவும் பேசாம இருந்துக்குது.”

“மரியாதை தெரிஞ்ச ஈயா இருக்குதே.”

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

“சரி, கேமராவ ஓட விட்டுட்டு நீங்க வெளிய போய் நில்லுங்க. நான் பேசறேன்” என்றார் சாமி.

“நானில்லாமலா?”

“அதான் கேமரா இருக்குதல்ல.”

மாசிலாமணி மனசே இல்லாமல் வெளியே போனார். சற்று நேரத்தில் சாமி வந்தார். நேராகக் கை கழுவப் போனார்.

மாசிலாமணி உள்ளே ஓடி ஹெட்போனை மாட்டினார். ஈயும் இல்லை, மாடும் இல்லை. சாமியின் குரல் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. சமையல்கட்டு அவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

பிறகுதான் படத்தைப் பார்த்தார்.

“மனசுங்கறது ஒரு வீடு மாதிரி” என்றார் திரையில் சாமி.

கொஞ்சம் காத்திருந்தார்.

“அதுக்கு ஒரு கதவு உண்டு.”

மறுபடி காத்திருந்தார். தலையைச் சொறிந்தார். கேமராவுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். “சரி” என்று எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் வெறும் நாற்காலிதான், வெகு துல்லியமான ஒலியுடன்.

மாசிலாமணி குழாயடிக்கு ஓடினார்.

“சாமி, சத்தம் போயிருச்சுங்க! ஆனா கூடவே நீங்களும் போயிட்டீங்களே! ஏனுங்க பேசல?”

“வரல” என்றார் சாமி, கையைத் துடைத்துக்கொண்டே. “அதை விடுங்க. ஒரு கதை சொல்றேன். ஒரு ஊர்ல ஒரு மின்வாரியக்காரர் இருந்தாரு.”

“உம்” என்றார் மாசிலாமணி.

“ஊர்ல எந்தக் கம்பியில கோளாறுன்னாலும் அவரு கண்டுபிடிச்சுருவாரு.”

“உம்.”

மாசிலாமணியின் கை தானாக வாய்க்குப் போனது. நிறுத்திய ஃபேன், நிறுத்திய மோட்டார், குளிக்காத ஜனங்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வர, வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

“அந்த மின்வாரியக்காரரு ஒரு நாள்…” என்றார் சாமி.

மாசிலாமணி வாயை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

“ஒரு நாள்…”

கதை அங்கேயே நின்றது.

அந்நேரம் தெய்வநாயகியம்மா செல்போனும் கையுமாக வந்தார்.

“சத்தம் போயிருச்சுங்களா சாமி? இல்ல, ஸ்டுடியோக்காரரக் கூப்பிட்டுரட்டுங்களா?”

“கூப்பிடுங்க” என்றார் சாமி.

மாசிலாமணிக்கு உயிரே போய்விட்டது.

“அவருக்கு உம் கொட்ட வருமான்னு மட்டும் கேட்டுக்குங்க.”